போட்டோவில் இருந்த பெண்

ஜீப்பிலிருந்து முதலில் ஒரு பட்டுச்சேலையின் கொசுவம் இறங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் பிறகு இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு பெரியவர், அவருக்கும் பின்னால் முழுக்கைச் சட்டை போட்ட ஓர் இளைஞர். மூவர் முகத்திலும் கொண்டைஊசி வளைவுகளில் குலுங்கி வந்த களைப்பு தெரிந்தது.

எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை ரோட்டை ஒட்டி இருக்கும். சாயங்கால நிறுவை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையில் நான் நடுவில் நின்றேன். முதுகில் கொழுந்துப் பை, தலையில் அம்மாவின் பழைய துண்டு, இடுப்பில் படங்கு. படங்கு என்பது செடி கீறாமல் இருக்க நாங்கள் உடுப்புக்கு மேல் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கெட்டி பிளாஸ்டிக் சீட்டு. அதைக் கட்டிக்கொண்டால் எப்பேர்ப்பட்ட அழகியும் உரமூட்டைக்குக் கைகால் முளைத்த மாதிரிதான் இருப்பாள்.

அத்தனை பேரை விட்டுவிட்டு அந்த அம்மாள் நேரே என்னிடம் வந்தார். கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார்.

"ஏங்கண்ணு, இந்தப் பொண்ணோட ஊடு எந்த லைன்ல இருக்குது?"

போட்டோவைப் பார்த்தேன். அதில் இருந்தது நான்.

வரிசை மொத்தமும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தது. எனக்குப் பின்னால் நின்ற பூமணி அக்கா படங்கைப் பிடித்து இழுத்தாள். "குறுக்கால ஓடிரு புள்ள" என்று காதுக்குள் சொன்னாள்.

ஓடியிருக்கலாம். கொட்டகைக்குப் பின்னால் செடிகளுக்கு நடுவே எங்கள் வீட்டுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஜீப் ரோட்டைச் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் முகம் கழுவி, பவுடர் போட்டு, சேலை மாற்றி, ஒன்றும் தெரியாதவள் போலக் கதவைத் திறந்திருக்கலாம். ஆனால் என் கொழுந்தை இன்னும் நிறுக்கவில்லை. நிறுக்காமல் போனால் அன்றைய பேர், அதாவது வேலைக்கு வந்த கணக்கு, விழாது. அந்தப் பேரில்தான் எங்கள் வீடே நின்றுகொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன் என்று சொல்வதற்கு முன்னால், கையில் என் போட்டோவை வைத்துக்கொண்டே ஒருவர் என்னிடமே என் வீட்டுக்கு வழி கேட்டது எப்படி என்று சொல்ல வேண்டும்.

ரோஜாப்பூக் கன்னம்

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி, "ஊட்டிப் பக்கத்துப் பெண்களுக்கு என்ன குறை, குளிருக்குக் கன்னம் ரோஜாப்பூ மாதிரி சிவந்துவிடுமே" என்று எழுதியிருந்தார். அந்தச் சகோதரியை ஒரு மாசி மாதம் எங்கள் மலைக்குக் கொழுந்து எடுக்க வரும்படி அன்போடு அழைக்கிறேன். பெர்ன்ஹில் பக்கம் பங்களாவில் கண்ணாடி சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேண்டுமானால் சிவக்கலாம். எங்களுக்குக் கருக்கும்.

காலையில் உறைபனி. கொஞ்ச நேரத்தில் அதன் மேலேயே சுள்ளென்று வெயில். மலை வெயில் சமவெளி வெயில் மாதிரி வியர்க்க விடாது. சத்தம் போடாமல் வேலையை முடித்துவிடும். முதலில் கன்னத்து எலும்பின் மேல் தோல் வெடிக்கும். பிறகு அந்த இடத்தில் கருப்பாக மங்கு வந்து உட்கார்ந்துவிடும். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லைனில் அது இல்லாத பெண்ணே கிடையாது.

முகம் இப்படி என்றால் விரல் வேறு. கொழுந்து கிள்ளிக் கிள்ளி இலைச்சாறு ஏறி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருத்துப் போயிருக்கும். நகத்தோரம் கோடு கோடாக வெடித்திருக்கும். பெண் பார்க்க வருகிறவர்கள் டீயை எடுக்கும்போது முகத்தைப் பார்க்கிற மாதிரி இருந்துகொண்டு விரலைத்தான் பார்ப்பார்கள். அதனால் எங்கள் லைனில் ஒரு வித்தை உண்டு. டீத் தட்டை ஏந்தும்போது கட்டைவிரல் இரண்டையும் தட்டுக்கு அடியில் மறைத்துக்கொள்ள வேண்டும். செய்து பாருங்கள், தட்டு ஆடும். ஆடாமல் பிடிக்கப் பயிற்சி வேண்டும். காலித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்து நாங்கள் பயிற்சி எடுத்திருக்கிறோம்.

விலை விழுந்த வருஷங்கள்

அது தேயிலை விலை விழுந்த காலம். எங்கள் எஸ்டேட் பாக்டரியை மூடிவிட்டார்கள். பறித்த கொழுந்து லாரியில் ஏறி வேறு எங்கோ போனது. காலையும் மாலையும் லைன் முழுக்க வீசும் இலை வாசம் நின்றபோது, வீட்டில் யாரோ செத்துப்போன மாதிரி எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினோம்.

ஆம்பிளைகள் பாதிப் பேர் திருப்பூருக்குப் போனார்கள். அப்பாவும் போனார், ஒரு சாயப்பட்டறைக்கு. லீவில் வரும்போது ஒரு தரம் கை நீலமாக இருக்கும், இன்னொரு தரம் முழங்கை வரை சிவப்பாக இருக்கும். அந்தக் கையோடுதான் கல்யாணத்துக்குப் போவார், சபையில் சாப்பிடுவார், சம்பந்தம் பேசுவார். அந்தக் கறை போக அப்பாவின் விரலில் யாரும் எலுமிச்சம்பழம் தேய்க்கவில்லை. எனக்கு அப்போதே இது உறுத்தியது. இன்றைக்கும் நினைத்தால் கோபம் வருகிறது.

வீட்டில் அம்மாவுக்கு மூட்டு போய்விட்டது. மேட்டில் ஏற முடியவில்லை. லைன் வீடு நமக்குச் சொந்தமில்லை. வீட்டில் ஒருவர் பேர் பெர்மனன்டாக இருக்கும் வரைதான் அது நமக்கு. அம்மா விலகினால் அந்தப் பேரை எனக்கு மாற்றித் தருவதாக ஆபீசில் சொன்னார்கள். ஆனால் அந்த சீசன் முழுக்க நான் டெம்பரரியாக விடாமல் வேலைக்கு வந்து பேர் போட்டிருக்க வேண்டும். நடுவில் நின்றால் பேர் போகும். பேர் போனால் வீடு போகும். வெளியே எத்தனையோ பேர் அந்தப் பேருக்காகக் காத்திருந்தார்கள்.

அம்மா சின்னப் பெண்ணாக இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவள். அவள் வழக்கமாகச் சொல்வாள்: "ஒரு தரம் வீட்ட விட்டுட்டு கப்பல் ஏறியாச்சு. இன்னொரு தரம் ஏறுறதுக்கு கப்பலும் கெடையாது, போறதுக்கு ஊரும் கெடையாது."

நிழலில் வைப்பது

இந்த நேரம் பார்த்துத்தான் லெச்சுமி சின்னம்மா வரன் கொண்டு வந்தாள்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. குன்னூர் பஜாரில் வளையல் கடை வைத்திருந்தாள். கல்யாணமாகாத பெண்ணைப் பார்த்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவர்கள் குடும்பம் முன்பு இந்த மலையில் இருந்துவிட்டுக் கீழே போனது. குடிக்க மாட்டார், சொந்தமாக வண்டி இருக்கிறது, தங்கமான பையன் என்று சின்னம்மா மூச்சு விடாமல் சொன்னாள். கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

"அவுங்க கேக்குறது ஒண்ணுதான்க்கா. பொண்ணு கொஞ்சம் நெறமா இருக்கணுமாம். இவள நெழல்ல வை."

நிழலில் வைப்பது எங்கள் லைன் வழக்கம். பெண்ணுக்கு வரன் பேச ஆரம்பித்தால் அவளை வெயில் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். மூன்று நான்கு மாதம் வீட்டிலேயே இருப்பாள். இல்லாவிட்டால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் உட்கார வைப்பார்கள். "இன்னார் மக நெழல்ல இருக்கா" என்றால் கல்யாணம் நெருங்குகிறது என்று அர்த்தம். மாங்காயை வெயிலில் வைப்பார்கள், பெண்ணை நிழலில் வைப்பார்கள்.

விலை நன்றாக இருந்தபோது இது முடிந்தது. இப்போது நான் நிழலில் உட்கார்ந்தால் பேர் போகும். "அது முடியாது லெச்சுமி" என்றாள் அம்மா. "அப்ப போட்டோவாவது எடுப்போம்" என்றாள் சின்னம்மா.

குன்னூர் ஸ்டுடியோவுக்கு அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. போட்டோக்காரர் என்னை உட்கார வைத்து, மோவாயைத் தூக்கிவிட்டு, பளிச்சென்று எடுத்தார்.

"மூஞ்சிய லேசா லைட் பண்ணிரட்டுங்களாக்கா?"

"நல்லாவே பண்ணு தம்பி" என்றாள் சின்னம்மா.

அவரும் மனசாரப் பண்ணிவிட்டார். மங்கு போயிற்று. கன்னத்து வெடிப்பு போயிற்று. சின்ன வயதில் படியில் விழுந்து புருவத்துக்கு மேல் வாங்கிய தழும்பும் போயிற்று. கழுத்தை மட்டும் மறந்துவிட்டார், அது மட்டும் என்னுடையதாக இருந்தது. அம்மா அந்தப் போட்டோவை சன்னல் வெளிச்சத்தில் வைத்து நீண்ட நேரம் பார்த்தாள்.

"லெச்சுமி, இது யாரு?"

"என்னாக்கா இப்புடிக் கேக்குற? ஒம் மகதான்."

"அப்புடியா" என்றாள் அம்மா.

போட்டோ திருப்பூர் போய்ச் சேர்ந்தது. அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று தகவல் வந்தது. தப்பு அங்கேதான் நடந்தது. போட்டோ என்னைப் போல இல்லையே, வேறு எடுப்போம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வைகாசிக்குள் பெண்ணைப் போட்டோ மாதிரி ஆக்கிவிடுவோம் என்றுதான் லைன் முழுக்கத் தோன்றியது.

ஜாதிக்காய் அபிஷேகம்

அந்த மாதங்களில் என் முகம் என் முகமாக இல்லை, ஊர்ச் சொத்தாக இருந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் மோவாயைப் பிடித்துத் திருப்பி, "இந்தப் பக்கம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சின்னம்மா பர்லியார் ரோட்டுக் கடையிலிருந்து ஜாதிக்காய் வாங்கிக் கொடுத்தனுப்பினாள். அதைப் பாலில் உரைத்துப் பூச வேண்டும். காய்ந்ததும் சிரிக்கக் கூடாது, சிரித்தால் விரிசல் விடும். என்னை அப்படிப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வரும். அவர்களைப் பார்த்து எனக்கும் வரும். விரலுக்கு எலுமிச்சம்பழத் தோலும் புளியும். வெடிப்பில் புளி பட்டால் உயிர் போகும்.

லைன் கடையில் அரிசி வாங்குகிறவர்கள் குறைந்துபோன காலம் அது. அதே கடையில் சிவப்பழகு கிரீம் பாக்கெட்டுகள் மட்டும் மாலை மாலையாகத் தொங்கும், காலியாகும், மறுபடி தொங்கும். மலையில் எல்லாச் சாமானுக்கும் கிராக்கி போய்விட்டது, அதற்கு மட்டும் போகவில்லை. ஒரு பாக்கெட்டை நாலு பெண்கள் பங்கு போட்டுக்கொள்வோம்.

இதையெல்லாம் என்னைக் கொடுமைப்படுத்த யாரும் செய்யவில்லை. அத்தனையும் பாசம். பாசத்தோடு வருவதால்தான் வேண்டாம் என்று சொல்ல வாய் வருவதில்லை.

மரத்தடி நிரை

பாசம் இன்னும் ஒரு படி மேலே போனது.

காலையில் சூப்பர்வைசர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை பிரித்துக் கொடுப்பார். நிரை என்றால் அன்றைக்கு நீங்கள் பறிக்க வேண்டிய செடி வரிசை. சில நிரைகள் சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே ஓடும். அங்கே நிழல் இருக்கும், கொழுந்து குறைவாக இருக்கும். எங்கள் மலையில் அந்த மரத்தடி நிரை பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு என்று ஒரு வழக்கம். அந்த சீசனில் அது பூமணி அக்காவின் நிரை. அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

"நீ என் நெரைக்கு வா புள்ள, நான் உன் நெரைக்குப் போறேன்" என்றாள் அவள். "எனக்கு வெயில் பட்டா என்னா இப்ப? எனக்குத்தான் கல்யாணம் முடிஞ்சிருச்சே."

எல்லோரும் சிரித்தோம். எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. நிழலில் கொழுந்து குறைவாகக் கிடைப்பதால் என் எடை விழாமல் இருக்க, ஆளுக்கு ஒரு கை கொழுந்தை என் பையில் போட்டார்கள். பேரும் போகாது, நிறமும் வரும். லைனே சேர்ந்து எனக்கு நிழல் பிடித்தது.

பங்குனியில் ஒரு நாள் மத்தியானம். என்னுடைய மேட்டு நிரையில் பூமணி அக்கா செடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். ஓடிப் போய்ப் பார்த்தால் கண் செருகியிருந்தது, உதடு வெளுத்திருந்தது. தூக்கிக்கொண்டு வந்து மரத்தடியில் படுக்க வைத்தோம். முகத்தில் தண்ணீர் தெளித்தோம். கண் திறந்ததும் அவள் கேட்டது என்ன தெரியுமா?

"செல்வி வெயில்ல வந்துட்டாளா? அவளப் போகச் சொல்லுங்க, கருத்துருவா."

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி வெயிலில் விழுந்து கிடக்கிறாள். அவளுக்கு என் கன்னத்தைப் பற்றிக் கவலை. இந்தக் கன்னம் யாருக்காக? இதுவரை நான் பார்த்தே இராத ஒருவருக்காக.

மறுநாள் காலையில் சூப்பர்வைசரிடம் போனேன். "பூமணி அக்கா நெரைய அவுங்களுக்கே குடுங்கண்ணே. எனக்கு அந்த மேட்டு நெரைதான் வேணும்" என்றேன். வெயிலுக்காக முகத்தைச் சுற்றியிருந்த துண்டை அன்றே அவிழ்த்து, பழையபடி தலையில் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "இத்தன நாளு பாடுபட்டது ஒரே நாள்ல போச்சே. ஏண்டி இப்புடிப் பண்ணுன?"

பூமணி அக்கா விழுந்ததைச் சொன்னேன். அம்மா எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து ஜாதிக்காயை உரைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். நான் பூசவில்லை. அவளும் பூசு என்று சொல்லவில்லை.

கதை முந்திப் போகிறது என்றாலும் இதை இங்கே சொல்லிவிடுகிறேன். இன்று எங்கள் மலையில் நிரை பிரித்துக் கொடுப்பது நான்தான். பெண்ணுக்கு வரன் வருகிறது, மரத்தடி நிரை கொடு என்று இப்போதும் சில அம்மாக்கள் காதைக் கடிப்பார்கள். "மாசமா இருந்தா சொல்லுங்க, உடனே தர்றேன்" என்பேன். சிரித்துக்கொண்டே திட்டிவிட்டுப் போவார்கள். நான் பிரிக்கிற மலையில் அந்த நிழல் ஒரு நாளும் கல்யாணத்துக்குப் போனதில்லை.

"கொஞ்சம் நில்லுங்க"

இனி ஜீப்புக்கு வருவோம்.

திருப்பூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவதாக இருந்தார்கள். பிக்கட்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மேலே வந்தவர்கள், திரும்புகிற வழியில் சனிக்கிழமையே பார்த்துவிடுவோம் என்று இறங்கிவிட்டார்கள். சின்னம்மா ஊரில் இல்லை. சேலை இஸ்திரி போடவில்லை. நான் மேட்டு நிரையின் இரண்டு மாத வெயிலை முகத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

"எந்த லைனுன்னு தெரியலீங்களா?" என்று அந்த அம்மாள் மறுபடி கேட்டார்.

"தெரியும்ங்க" என்றேன். "அந்தப் பொண்ணு நாந்தாங்க. கொஞ்சம் நில்லுங்க, கொழுந்த நிறுத்துட்டு வந்துர்றேன்."

அவர் என்னைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். முழுக்கைச் சட்டைக்காரர், அவர்தான் மாப்பிள்ளை, மரத்தைப் பார்த்தார். வரிசை நகர்ந்தது. என் முறை வந்தது. சூப்பர்வைசர் என் எடையை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கூவினார். அன்றைக்கு மேட்டு நிரையில் நல்ல கொழுந்து. வரிசையில் அதுவரை நிறுத்ததில் அதுதான் கூடுதல் எடை. பூமணி அக்கா, "ஜீப்பு வரைக்கும் கேட்டுருக்கும்ல?" என்று பொதுவாகக் கேட்டாள்.

ஜீப்பில் ஏறச் சொல்லி அவர்கள் கூப்பிடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. நான் முன்னால் நடந்தேன், ஜீப் பின்னால் மெதுவாக ஊர்ந்து வந்தது. லைன் வாசலில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் அந்த நடை எனக்குப் பிடித்திருந்தது.

கட்டைவிரல்

அம்மா எங்களைப் பார்த்து ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பாயை உதறி விரித்தாள். நான் கைகால் கழுவி, இருந்த உடுப்பிலேயே டீ போட்டேன். தட்டை எடுக்கும்போது அந்த வித்தை ஞாபகம் வந்தது. கட்டைவிரல் இரண்டையும் தட்டின் விளிம்புக்கு மேலேயே வைத்துப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் தட்டு ஆடுவதே இல்லை.

அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்க. போட்டோவுல பாத்ததுக்கும் நேர்ல பாக்கறதுக்கும் ரொம்ப வித்தியாசமா இருக்குதுங்க. நாளைக்கு நாலு எடத்துக்குக் கூட்டிட்டுப் போவோணும், நம்ம சனம் ஒண்ணு சொல்லுமுங்க."

அம்மா தலை குனிந்துகொண்டாள்.

"புள்ள லட்சணமாத்தான் இருக்குது. ஒரு வருசம் வேலைக்கு உடாம ஊட்டுக்குள்ளயே வெச்சிருங்க. நெறந் திரும்பீரும். அப்பறமா முடிச்சுக்கலாமுங்க. நாங்க காத்திருக்கறோம்."

இப்போது அம்மாவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. தங்கமான பையன், காத்திருக்கவும் தயார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சீசன் முடிய இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. அந்த ஒரு வார்த்தையில் பேரும் வீடும் போய்விடும். அம்மாவோ மகளைக் கரை சேர்க்க எதையும் செய்யத் துணிந்தவள்.

அம்மா என் கட்டைவிரல்களைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"அந்தப் போட்டோவக் குடுங்க."

அவர் கொடுத்தார். அம்மா அதைத் தன் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"இந்தப் பொண்ணு எங்க வீட்டுல இல்லீங்க. நாங்க தெரியாம அனுப்பிட்டோம், மன்னிச்சுக்குங்க. எங்க வீட்டுல இருக்கது இவதான். இவ நெழல்ல ஒக்காந்தா நாங்க தெருவுல ஒக்காரணும்."

முழுக்கைச் சட்டைக்காரர் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "டீ நல்லாருக்குங்க" என்றார். எங்களோடு அவர் பேசிய ஒரே வார்த்தை அது. அந்தத் தூளுக்குக் கொழுந்து கிள்ளிய கருத்த விரலைத்தான் அவர்கள் வீட்டுக்கு வேண்டாம் என்றார்கள் என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

மறுநாள் சின்னம்மா மல்லிகைப் பூவோடும் புதுப் பவுடர் டப்பாவோடும் வந்து இறங்கினாள். விஷயம் கேட்டு அம்மாவோடு பெரிய சண்டை. நாள் முழுக்க என் முகத்தில் விழிக்கவில்லை. ஆனால் கிளம்பும்போது அந்தப் பூவை என் தலையில்தான் வைத்துவிட்டுப் போனாள்.

பனிக்காலத்து மாப்பிள்ளை

கல்யாணம் ஆனதா என்று கேட்பீர்கள். ஆனது. அடுத்தடுத்து வரன்கள் வந்தபோது நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். யார் வந்தாலும் பனிக்காலத்தில்தான் பெண் பார்க்க வர வேண்டும். என் முகம் அதற்கு மேல் மோசமாக முடியாது. அதைப் பார்த்துச் சரி என்றால் மற்ற மாதங்கள் எல்லாம் அவருக்கு லாபம்.

ஒருவர் தை மாதத்தில் கோத்தகிரியிலிருந்து வந்தார். என் கன்னத்து வெடிப்பைப் பார்த்தார். "எரியுதுங்களா?" என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் என் முகத்தைப் பார்த்து அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். மற்றவர்கள் எல்லோரும் அது எப்படி இருக்கிறது என்றுதான் பார்த்தார்கள், எனக்கு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

பூமணி அக்காவுக்குப் பெண் குழந்தை, சுகப்பிரசவம். அந்தப் பெண் இப்போது போனில் தன்னைத் தானே எடுத்துக்கொள்கிற படங்களில் எல்லாம் பாலில் விழுந்து எழுந்தவள் மாதிரி இருக்கிறாள். அந்த ஸ்டுடியோக்காரர் இப்போது எல்லோர் போனுக்குள்ளும் புகுந்துவிட்டார் என்று அவளைக் கேலி செய்வேன்.

இருக்கிற மாதிரியே

சீசன் முடிந்தது. நான் ஒரு நாளும் விடவில்லை. ஆபீசிலிருந்து கூப்பிட்டு, பேரை என் பெயருக்கு மாற்றிவிட்டோம், அடையாள அட்டைக்கு ஒரு போட்டோ கொண்டு வா என்றார்கள். அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, திருப்பூர் போய்த் திரும்பி வந்த அந்தப் போட்டோவையே எடுத்தாள். இருக்கும்போது எதற்கு இன்னொரு செலவு என்று அவளுக்கு.

ஆபீசில் கிளார்க் அதை வாங்கிப் பார்த்தார். "ஆளக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார்.

"ஆளு இதோ நிக்கிறாளே" என்றாள் அம்மா.

கிளார்க் சிரித்துவிட்டார். "இத ஒட்டுனா செக்கிங்குக்கு வர்றவங்க வேற யாரோன்னு உங்க மக பேர வெட்டிருவாங்க. நல்ல போட்டோவா எடுத்துட்டு வாங்க."

மறுபடி குன்னூர் ஸ்டுடியோ. அதே போட்டோக்காரர். என்னை ஞாபகம் வைத்திருந்தார்.

"போன தடவ மாதிரியே லைட் பண்ணிரலாமா?"

"கையே வைக்காதீங்கண்ணே. இருக்கிற மாதிரியே எடுங்க."

"கருப்பா விழுமேம்மா."

"விழட்டும்ண்ணே. எங்க வீடே இந்த மூஞ்சிலதான் நிக்குது."

சாயங்காலம் போட்டோ கைக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டு வெளிச்சத்தில் பார்த்தேன். மங்கு இருந்தது. வெடிப்பு இருந்தது. புருவத்துக்கு மேல் தழும்பு திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் போட்டோவை எனக்குப் பிடித்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதை முன்பு போலவே சன்னலோரம் எடுத்துப் போனாள். வெளியே இருட்டிக்கொண்டிருந்தது, கண்ணுக்கு ரொம்பக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். யார் என்று இந்தத் தடவை கேட்கவில்லை. விரலால் கன்னத்து மங்கின் மேல் ஒரு தரம் தடவினாள். பிறகு தன் கன்னத்தையும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஆங்" என்றாள். "இவதான் நம்ம வீட்டுல இருக்கவ."